சீக்கில்லாத ஊருக்கு டாக்டர் வந்த கதை

சோலையப்பனுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். வருகிறவர்களை வரவேற்பது. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இருபது வருஷத்துக்கு மேல் டவாலிச் சேவகராக இருந்தார். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் சிவப்புப் பட்டை, அதில் பளபளவென்று பித்தளை வில்லை, தலையில் முண்டாசு, முறுக்கிவிட்ட மீசை. அதிகாரியைப் பார்க்க வந்தவர்கள் முதலில் இவரைத்தான் பார்த்தாக வேண்டும். பார்த்த மாத்திரத்தில் பாதிப் பேருக்கு வந்த காரியமே மறந்துபோகும் என்று அவரே பெருமையடித்துக்கொள்வார். மறந்துபோனவர்களின் காரியம் என்ன ஆயிற்று என்று அவரை யாரும் கேட்டதில்லை.

1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. சோலையப்பனுக்குச் சொற்பப் பென்ஷனைக் கொடுத்து, டவாலியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்னவாசலிலிருந்து இரண்டு மைல் உள்ளடங்கிய சொந்த ஊருக்கு வந்தார். தோளில் பட்டை இல்லாவிட்டாலும் இருப்பதாகவே நினைத்து மார்பை நிமிர்த்தி நடந்தார். ஊரார் ‘டவாலி’ என்று கூப்பிட்டார்கள். கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். இரண்டு தரப்புக்கும் நஷ்டமில்லை.

கஷ்டம் என்னவென்றால், அந்த ஊருக்கு வரவேற்கும்படியாக யாரும் வருவதில்லை. கலியாண வீட்டு வாசலில் நின்று சந்தனம் நீட்டினார். ஓட்டுக் கேட்டு வந்தவர்களை, எந்தக் கட்சி என்று பார்க்காமல், எல்லாரையும் ஒரே மாதிரி ராஜ மரியாதையோடு கூட்டிவந்து ஒரே மாதிரி வழியனுப்பினார். எருமை பிடிக்க வந்த மணப்பாறைத் தரகர் ஒருவருக்குக்கூட அவர் வணக்கம் வைத்த தோரணையில், அந்த மனுஷன் விலையைப் பேச வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பிப் போனதாகச் சொல்வார்கள். இப்படியே பத்து வருஷம் ஓடியது.

1958-இல் ஒருநாள் அன்னவாசல் வாசகசாலையில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளிநாடுகளில் இருக்கும் நம் விஞ்ஞானிகளும் டாக்டர்களும் நாடு திரும்ப வேண்டும், வந்தவர்களுக்குத் தகுந்த வேலை அமையும் வரைக்கும் சர்க்காரே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் என்று போட்டிருந்தது. ஊரிலிருந்து சீமைக்குப் போன டாக்டர் ஒரே ஒருவர்தான். சின்னப்பிள்ளையின் மகன் நாகராசு. புதுக்கோட்டையில் படித்து, மதராஸில் டாக்டராகி, மேல்படிப்புக்கு லிவர்பூல் போனவர். படிப்பு முடிந்தும் அங்கேயே இருந்துவிட்டார். சோலையப்பன் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு நேரே சின்னப்பிள்ளை வீட்டுக்குப் போனார்.

“சர்க்கார் கூப்புடுதும்மா ஒன் மகனை. கூப்புட்டா மட்டும் போதுமா? கொண்டாந்து சேக்க ஒரு ஆளு வேணாமா?” என்றார்.

சின்னப்பிள்ளை விதவை. தனியாக இருந்து பயிர் செய்து மகனைப் படிக்கவைத்தவள். வாய்க்கு அஞ்சமாட்டாள். “அந்த ஆளு நீங்கதானாக்கும்? லிவர்பூலு வரைக்கும் போயி வாசல்ல நிக்கப் போறீங்களாண்ணே?” என்றாள். கேலி செய்தாளே தவிர, அன்றைக்கே ஒரு வாளி கேப்பையைத் திருகையில் போட்டுவிட்டாள். மகன் வந்தால் கேப்பைக்கூழ் கேட்பான் என்று அவளுக்கு நினைப்பு.

தேசத்துக்காகச் செய்வதாகத்தான் சோலையப்பன் சொல்லிக்கொண்டார். தேசமெல்லாம் அப்புறம். அவருக்குச் சொந்தக் கணக்கு ஒன்று இருந்தது. அந்த ஊரில் குடிக்கிறதும் ஊருணித் தண்ணீர்தான், காலை வைத்து இறங்கி மொள்ளுகிறதும் அதே ஊருணியில்தான். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு அடுத்த கோடையில் காலில் கொப்புளம் கிளம்பும். உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலையை நீட்டும். நரம்புச்சிலந்தி என்பார்கள். அதை ஈர்க்குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக வெளியே இழுக்க வேண்டும். பாதியில் அறுந்தால் கால் வீங்கிப் புரையோடும். எத்தனையோ பேர் நடவுக்குப் போக முடியாமல், அறுப்புக்குப் போக முடியாமல் கோடை முழுக்க மூலையில் கிடப்பார்கள்.

சமஸ்தானத்தின் கடைசி நாளில் கச்சேரி ஆபீஸில் எல்லாருமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சோலையப்பன் காலில் குச்சி கட்டிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். பிற்பாடு அந்தப் போட்டோவைப் பார்த்தார். அவர் நிற்க வேண்டிய இடத்தில், அவருடைய டவாலியைப் போட்டுக்கொண்டு வேறு எவனோ நின்றான். பட்டை அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. அன்றைக்கு அவர் அழுதது அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். இந்த ஊருக்கு ஒரு டாக்டர் வந்தே தீர வேண்டும் என்ற வைராக்கியம் அன்றைக்குப் பிடித்தது.

சின்னப்பிள்ளை சொல்லச் சொல்ல, நடுநடுவே தன் சரக்கையும் சேர்த்து, சோலையப்பன் நாகராசுக்கு எழுதினார். எழுதிய தோரணையைப் பார்த்தால் ராஜாவுக்கு மனுப் போடுவதா மகனைக் கூப்பிடுவதா என்று தெரியாது. பதில் வர மூன்று மாதம் ஆயிற்று. ‘சித்திரையில் ஒரு மாதம் லீவில் வருகிறேன். ஊரைப் பார்த்தபிறகு இருப்பதா போவதா என்று முடிவு செய்கிறேன்’ என்று எழுதியிருந்தார்.

சோலையப்பன் ‘ஊரைப் பார்த்தபிறகு’ என்ற இடத்தில் நின்றுவிட்டார். பார்த்தபிறகா? அப்படியானால் பார்க்கிற மாதிரி அல்லவா இருக்க வேண்டும்!

வெள்ளைக்காரத் துரைமார் விஜயம் செய்யும்போதெல்லாம் என்ன செய்வார்கள் என்று அவருக்கு அத்துப்படி. பாதை ஓரத்துக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடிப்பார்கள். மரத்துக்கு இடுப்பளவு காவியும் சுண்ணாம்பும் பூசுவார்கள். பிச்சைக்காரர்களையும் நோயாளிகளையும் நாலு நாளைக்கு வேறு பக்கம் அனுப்பிவிடுவார்கள். துரையும் சந்தோஷமாகப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போவார். இதில் ‘போவார்’ என்ற கடைசிப் பகுதியைச் சோலையப்பன் யோசிக்கவில்லை.

பங்குனி கடைசியில் வேலை தொடங்கியது. புளியமரங்களுக்கெல்லாம் பட்டை பட்டையாக வர்ணம் ஏறியது. ஆடுகள் கட்டுத்தறிக்குப் போயின. ஊருணிப் படிக்கட்டில் கயிறு கட்டினார். தண்ணீர் எடுக்கிறவர்கள் டாக்டர் எழுந்திருக்கும் முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. காலில் புழு கண்டவர்களை எல்லாம் வண்டியில் ஏற்றி, சித்தன்னவாசல் மலையடிவாரத்தில் இருந்த சின்னப்பிள்ளையின் தோட்டத்துக் கொட்டகைக்கு அனுப்ப ஏற்பாடு. சின்னப்பிள்ளையும் சம்மதித்தாள். மகன் தங்க வேண்டும் என்ற ஆசையில் அவளுக்கும் புத்தி கொஞ்சம் மழுங்கிப்போயிருந்தது.

மற்றவர்களுக்குச் சாவடியில் ஒத்திகை. சோலையப்பனே டாக்டராக உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராக அழைத்தார். “எப்படி இருக்கீங்க?” என்று கேட்பார். “நல்லா இருக்கேங்க” என்று சொல்லிவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வெளியே போக வேண்டும். இரண்டு பேர் வாசற்படி தடுக்கி விழுந்தார்கள். அவர்களும் விழுந்த இடத்திலிருந்து நல்லா இருக்கேங்க என்றார்கள்.

முனியாயி என்று நடவுக்குப் போகும் கூலிக்காரி ஒருத்தி. கணுக்காலில் புழு பாதி வெளியே வந்து, ஈர்க்குச்சியோடு கட்டியிருந்தது. அவளும் வரிசையில் வந்து நின்றாள்.

“எப்படி இருக்கீங்க?”

“காலுதான்யா இந்த…”

“காலை விடு ஆத்தா! நல்லா இருக்கேங்கன்னு சொல்லு. சொல்லிப்புட்டு அந்த வண்டியில ஏறு.”

“நல்லா இருக்கேங்க. அப்ப டாக்டர நான் எப்பய்யா பாக்குறது?”

“காலு நல்லானப்புறம் தாராளமாப் பாரு,” என்றார் சோலையப்பன். அதிலிருந்த அபத்தம் அவருக்கு உறைக்கவே இல்லை. முனியாயிக்கு உறைத்ததோ என்னவோ, அவள் குச்சியைக் கையால் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

டாக்டர் நாகராசு புதுக்கோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மேளம், மாலை, சோலையப்பனின் மீசை எல்லாம் தயாராக இருந்தன. ஒல்லியான உடம்பு, கண்ணாடி, கையில் கனமான தோல் பை. அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். கூழ் குடித்தார். மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“மாமா, நான் சாவடியில உக்காருறேன். ஒடம்பு சொகமில்லாதவங்களை வரச் சொல்லுங்க.”

வந்தார்கள். ஊரே வந்தது. கும்பிட்டது. எப்படி இருக்கீங்க என்று டாக்டர் கேட்டார். நல்லா இருக்கேங்க என்று ஊர் சொல்லிற்று. ஒரு பெரியவருக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது. துண்டை வாயில் பொத்திக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் ஓடிப்போய் அங்கே இருமித் தீர்த்தார். டாக்டர் பாட்டுக்குப் பையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நான் படிக்கிறப்ப இங்க நரம்புச்சிலந்தி ரொம்ப இருக்குமே மாமா?”

“அதெல்லாம் சமஸ்தானத்தோட போயிருச்சுங்க,” என்றார் சோலையப்பன். தன்னைத் தெருவில் நிறுத்திவிட்டுப் போன சமஸ்தானத்தின் மேல் ஒரு பழியைப் போட்டதில் அவருக்கு உள்ளூரத் திருப்திதான்.

டாக்டர் ஊருணியைப் பார்க்கப் போனார். கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். “இப்ப இதை யாரும் குடிக்கிறது இல்லையா?”

“சேச்சே. அழகுக்குத்தான் வச்சிருக்கோம்.”

“சந்தோஷம்,” என்றார் டாக்டர். சிரித்தார். ஆனால் நாள் போகப் போக அந்தச் சிரிப்பு சுருங்கிக்கொண்டே வந்தது. சோலையப்பன் அதைக் கவனித்தார். கவனித்து, மரங்களுக்கு இன்னொரு பூச்சு வர்ணம் அடிக்கச் சொன்னார்.

மூன்றாவது வாரம் சின்னப்பிள்ளை வீட்டு மத்தியானச் சாப்பாட்டில் சோலையப்பனும் உட்கார்ந்திருந்தார். ரசத்துக்கு வந்தபோது டாக்டர் நிதானமாகச் சொன்னார்.

“ஆத்தா, நான் அடுத்த வாரம் கெளம்புறேன். ஆப்பிரிக்காவுல கானான்னு ஒரு தேசம். அங்க கூப்புடுறாங்க.”

சின்னப்பிள்ளையின் கையில் கரண்டி நின்றது.

“லிவர்பூல்ல இத்தனை வருஷமா நான் படிச்சது முழுக்க நரம்புச்சிலந்தியப் பத்தித்தான் மாமா. நம்ம ஊருல பாத்துப் பாத்துத்தானே அதைப் படிக்கவே ஆசை வந்துச்சு. அது இங்க இருந்திருந்தா நானும் இங்கேயே இருந்திருப்பேன். நல்ல வேளை, இங்க போயிருச்சு. அங்க இன்னும் இருக்கு. தேவைப்படுற எடத்துக்குத்தானே போகணும்?”

அவர் கை கழுவப் போனதும் சின்னப்பிள்ளை சோலையப்பன் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர். ஆனாலும் வாய் ஓயவில்லை.

“எம் மகனை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவைக்கத்தான் மரத்துக்கெல்லாம் பட்டை போட்டீங்களாண்ணே?”

சோலையப்பன் இலையை மடித்தார். எழுந்து வந்துவிட்டார். அன்றைக்குப் பொழுது சாயும்வரை சாவடியில் ஒற்றையாக உட்கார்ந்திருந்தார். பேசாமல் விட்டுவிட்டாலும் அவருக்கு ஒரு கெடுதலும் இல்லை. சீமைக்குப் போனவனுக்கு ஊர் ஒட்டாது என்று நாலு பேர் சொல்லிக் கலைந்துவிடுவார்கள். டவாலி பாவம், தன்னால் ஆனதைச் செய்தார் என்பார்கள். உண்மையைச் சொன்னாலோ ஊர் முன்னால் பொய்யன் ஆக வேண்டும். அவர் சம்பாதித்து வைத்திருந்தது அந்த மரியாதை ஒன்றைத்தான். ஆனால் டாக்டர் போய்விட்டால் அடுத்த கோடையும் கொப்புளம் கிளம்பும், அதற்கடுத்த கோடையும் கிளம்பும். அவருக்கு வெட்கமாக இருந்தது. மனுஷன் ஜென்மத்தில் முதல் தடவையாகத் தன் வேலையின் மேல் சந்தேகப்பட்டார்.

மறுநாள் காலையில் வண்டியைப் பூட்டிக்கொண்டு சின்னப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றார்.

“சித்தன்னவாசல் வரைக்கும் போயிட்டு வருவோம், வாங்க.”

“குகைச் சித்திரமெல்லாம் சின்ன வயசுலேயே பாத்தாச்சே மாமா.”

“இது நீங்க பாக்காததுங்க,” என்றார். வழி நெடுக அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்தால் வண்டியைத் திருப்பிவிடுவோம் என்று அவருக்கே பயம்.

வண்டி குகைக்குப் போகிற பாதையை விட்டு அங்கிட்டு ஒடித்துத் தோட்டத்துக்குள் போனது. கொட்டகையில் பாய் பாயாகப் படுத்துக் கிடந்தவர்கள், டவாலியையும் பின்னால் வந்த கண்ணாடிக்காரரையும் பார்த்ததும், ஒத்திகைப்படி எழுந்து நிற்க முயன்றார்கள். முடிந்தவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

முன்னால் நின்றவள் முனியாயி. டாக்டர் வழக்கம்போலக் கேட்டார்.

“எப்படிம்மா இருக்கீங்க?”

“நல்லா இருக்கேங்க,” என்றாள் முனியாயி. ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். ஒளிக்க முடியவில்லை. முழங்கால் வரைக்கும் வீங்கி மினுமினுவென்று இருந்தது. வண்டியில் ஏற்றிவந்த குலுக்கலில் புழு பாதியில் அறுந்துபோயிருந்தது. குச்சி மட்டும் கட்டில் தொங்கியது.

டாக்டர் அந்தக் காலைப் பார்த்தார். கொட்டகையில் இருந்த அத்தனை கால்களையும் பார்த்தார். பிறகு சோலையப்பனைப் பார்த்தார்.

சோலையப்பன் நிமிர்ந்து நின்றார். பெரிய மனிதர்கள் வருகையை ஊருக்கே கேட்கும்படி அறிவித்துப் பழகிய குரல் அது. இப்போது பாதிதான் வெளியே வந்தது.

“நல்லா இல்லைங்க. இவங்க யாரும் நல்லா இல்லை. ஊருல இருக்குறவங்களும் நல்லா இல்லை. நாந்தாங்க சொல்ல வேணாம்னு சொன்னேன்.”

“இந்தப் பொம்பளைக்குக் காலு போகப் பாத்துச்சே! ஒங்களுக்குப் புத்தி இருக்காய்யா?” டாக்டர் கத்தினார். வந்த நாளிலிருந்து அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. “எதுக்கு மாமா மறைச்சீங்க? எதுக்கு?”

“இம்புட்டுச் சீக்கு உள்ள ஊருன்னு தெரிஞ்சா நீங்க இருக்க மாட்டீங்கன்னு நெனச்சேங்க.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “நான் வந்ததே அதுக்குத்தானே மாமா,” என்றார். இப்போது குரல் தணிந்துவிட்டது.

டாக்டர் கானாவுக்குப் போகவில்லை. சர்க்கார் சொன்னபடி அவரை எடுத்துக்கொண்டு, சில காலம் சம்பளம் கொடுத்து, பிற்பாடு இதே வட்டாரத்துக்கு வேலையும் போட்டது. படிக்கட்டு ஊருணியைத் தூர்த்துவிட்டுச் சுற்றுச்சுவரும் கப்பியும் வைத்த கிணறு வெட்ட ஐந்து வருஷம் ஆயிற்று. அதுவரைக்கும் ஊருணிக்கரையில் கையில் கம்போடு நின்று, புண்ணிலிருந்து புழுக்குஞ்சு தண்ணீரில் கலக்காதபடி, புண்ணுக்காலோடு ஒருவரும் தண்ணீரில் இறங்காமல் பார்த்துக்கொண்டது சோலையப்பன்தான். வருகிறவர்களை வரவேற்றே பழகிய மனுஷன் வருகிறவர்களை விரட்டக் கற்றுக்கொண்டார். ஆவூர்ப் பக்கமிருந்தும் அரிமளத்திலிருந்தும், பிள்ளைகளைச் சீமையில் வைத்திருந்த தாய் தகப்பன்மார் அவரிடம் யோசனை கேட்டு வந்தார்கள். இருக்கிற கஷ்டத்தை இருக்கிறபடி எழுதுங்கள், பிள்ளைகள் தானாக வரும் என்று சொல்லி அனுப்பினார். அப்படி எழுதியதில் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். பாக்கிப் பேர் வரவில்லை. அதற்காக அவர் மீசை இறங்கிவிடவில்லை.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்குக் கொட்டகையில் டாக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்தரையில் உட்கார்ந்தார். வெந்நீர் வைக்கச் சொல்லிவிட்டு, முனியாயியின் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவள் கூச்சத்தில் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவர் விடவில்லை. அவள் தலையைத் திருப்பி, அடுப்பு மூட்டக் குனிந்திருந்த சோலையப்பனைப் பார்த்தாள்.

“அய்யா, இப்ப சொல்லலாமா?”

சோலையப்பன் அடுப்பை விட்டு நிமிர்ந்தார். சரியென்று தலையை ஆட்டினார்.

“வலிக்குதுய்யா,” என்றாள் முனியாயி டாக்டரிடம். “ரொம்ப நாளா வலிக்குது.”